போட்டோ சேவைகள்: வெளியே வரும் வழியைப் பார்த்து ஒரு மதிப்பீடு

அக்கா கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோ, ஆல்பத்தோடு ஒரு லிங்க்கும் பின் நம்பரும் தந்தது. எல்லாப் படமும் அதில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்களும் பார்த்தோம், சொந்தக்காரர்களுக்கு அனுப்பினோம், ஆனால் யாரும் முழுசாக இறக்கி வைக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தளத்தில் ஒவ்வொரு படமாகத்தான் இறக்க முடியும், இருந்ததோ 1,800 சொச்சம் படங்கள். மூன்றாவது வருடம் லிங்க் திறக்கவில்லை. ஸ்டுடியோவில் கேட்டால், அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டோம், எங்களிடமும் பிரதி இல்லை என்றார்கள். ஆல்பத்தில் அச்சான படங்களும் குடும்ப வாட்ஸப் குழுவில் சுருங்கிக் கிடந்த கொஞ்சமும்தான் மிச்சம். தாத்தா பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடும் படம் ஒன்று இருந்தது. அது இரண்டிலும் இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் போட்டோ சேவையிலும் எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. படம், அதன் தேதி, நாம் எழுதிய குறிப்பு, ஆல்பம் பிரித்த விதம் இவ்வளவையும் கெடாமல் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா, அதுதான் கேள்வி. வீட்டில் எல்லோருடைய படங்களையும், சுமார் 90 ஜிபி, ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலை வந்ததால் ஐந்து சேவைகளை இந்தக் கண்ணோடு பார்த்தேன்.

முதலில் கூகுள் போட்டோஸ். 2015இல் வந்தபோது அளவில்லாத இலவசம். 2021 ஜூன் 1 முதல் அது போய், ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றாகிவிட்டது. ஆறு வருடப் படங்களை உள்ளே வைத்துவிட்ட பிறகு கட்டணம் வந்தால் யாருக்கும் கிளம்ப மனசு வராது. தேடுவதில் இது அருமையான சேவை, அதில் சந்தேகமே இல்லை. முகத்தை வைத்தோ இடத்தை வைத்தோ தேடினால் பத்து வருடத்துக்கு முந்தைய படம் நொடியில் வந்து நிற்கும். வெளியே வருவதற்கு டேக்அவுட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மொத்தத்தையும் ஜிப் பொட்டலங்களாகக் கட்டித் தரும், இலவசம்தான், கூகுளில் எந்தத் தரத்தில் சேமித்து வைத்தோமோ அதே தரத்தில் வரும். ஆனால் நாம் உள்ளே திருத்திய தேதி, எழுதிய குறிப்பு, சேர்த்த இடம் எல்லாம் படத்துக்குள் வராது, பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பாக வரும். போனில் எடுத்த படத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, கேமரா எழுதிய தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து ஏற்றி, உள்ளே உட்கார்ந்து '1974' என்று தேதி மாற்றியவர்களுக்குத்தான் அடி. ஜேசனைப் படிக்கத் தெரியாத செயலியில் போட்டால் தாத்தா பாட்டி கல்யாணம் போன மாதம் நடந்ததாகக் காட்டும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. முன்பெல்லாம் நாம் அனுமதி கொடுத்தால் வேறொரு செயலி ஏபிஐ (ஒரு சேவையோடு வேறு செயலிகள் பேசுவதற்கான வாசல்) வழியாக நம் கூகுள் போட்டோஸ் முழுவதையும் படித்து, புதிதாக வந்ததைத் தானாகவே பிரதி எடுத்து வைக்கும். 2025 மார்ச் 31க்குப் பிறகு அந்த வழி மூடிவிட்டது. இனி ஒரு செயலி தான் ஏற்றிய படங்களை மட்டும்தான் படிக்கலாம், மற்றவற்றை நாமே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ட செயலியும் நம் படங்களை அள்ளக்கூடாது என்பது நியாயமான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் முழு நூலகத்துக்கும் அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியது படத்துக்குச் சொந்தக்காரர்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 2006இல், படம் பகிரும் தளமான ஃப்ளிக்கரோடு போட்டி போட்ட ஜூமர் என்ற சின்னத் தளம், பயனர்கள் தங்கள் படங்களை ஃப்ளிக்கரிலிருந்து கொண்டுவர ஏபிஐ அனுமதி கேட்டது. போட்டியாளருக்கு எதற்கு என்று ஃப்ளிக்கர்க்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஃப்ளிக்கரின் இணை நிறுவனர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட், நீங்களும் அதேபோல் உங்கள் கதவைத் திறந்து வைத்தால் தருகிறோம் என்ற நிலைக்கு வந்தார். இருபது வருடம் ஆகியும் இதைவிட நேர்மையான விதி ஒன்றை நான் பார்க்கவில்லை.

அந்த ஃப்ளிக்கர் இப்போது ஸ்மக்மக் என்ற போட்டோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இலவசக் கணக்கில் 1,000 படங்கள்தான், அதிலும் பொதுவில் காட்டாத படங்கள் 50தான், ஆக குடும்பப் படங்களுக்கு ஒத்துவராது. கோயில் சிற்பம், பறவை என்று எடுத்து நாலு பேர் பயன்படுத்தட்டும் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போடுகிறவர்களுக்கு இன்னமும் நல்ல இடம்.

ஐகிளவுட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தம்பி ஒருவனிடம்தான் ஐபோன் இருக்கிறது. இலவசம் 5 ஜிபி. ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் போய்க் கேட்டால் படங்களின் பிரதியை நேரே கூகுள் போட்டோஸுக்கு அனுப்பிவிடுவார்கள், மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். 2024இலிருந்து கூகுளிலிருந்து ஐகிளவுட்டுக்கும் அதேபோல் வரலாம். நம் நெட்டில் இறக்கி மறுபடி ஏற்றும் அவஸ்தை இல்லை, இது பெரிய விஷயம். என்ன, இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் போட்ட பாலம் அது, சின்னச் சேவைக்குப் போக நினைப்பவருக்கு அங்கே வழி இல்லை.

என்டெ என்ற சேவையைச் சொன்னால் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. மலையாளத்தில் 'என்னுடைய' என்று அர்த்தம். படங்கள் நம் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் போகும், நடத்துகிறவர்களாலேயே பார்க்க முடியாது. செயலி, சர்வர் இரண்டின் நிரலும் திறந்தே கிடக்கிறது. டேக்அவுட் பொட்டலத்தைக் கொடுத்தால் அந்த ஜேசன்களைப் படித்துத் தேதியைச் சரியாகப் பொருத்திக்கொள்கிறது. வெளியே வருவதும் அதே அளவு எளிது: கணினிச் செயலியில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் ஆல்பம் ஆல்பமாக எழுதிக்கொண்டே இருக்கும், புதுப்படம் வந்தால் அதுவும் சேரும். கடவுச்சொல்லையும் 24 வார்த்தை மீட்புச் சாவியையும் சேர்த்துத் தொலைத்தால் மட்டும் யாராலும் காப்பாற்ற முடியாது. அதைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

இம்மிச் வேறு ரகம், நம் வீட்டுக் கணினியில் நாமே நடத்துவது. படங்கள் சாதாரணக் கோப்புகளாக நம் டிஸ்க்கிலேயே இருப்பதால் வெளியேறுவது என்ற பேச்சே இல்லை, முகம் தேடும் வேலையும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் கரண்ட் போனாலும் டிஸ்க் போனாலும் பொறுப்பு நம்முடையது, இன்னொரு இடத்தில் பிரதி வையுங்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். லினக்ஸ் கொஞ்சம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மட்டும் இறங்கலாம்.

ஐரோப்பாவில் 2018லேயே, தன் தரவை இன்னொரு சேவைக்கு எடுத்துப்போவது குடிமக்களின் உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அது இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே நமக்குக் கிடைக்கும் வசதி எல்லாம் நிறுவனம் மனசு வைத்துத் தருவதுதான், நாளைக்கு நிறுத்தினால் எதைக் காட்டிக் கேட்பது? இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியில் நாங்கள் என்டெவுக்குப் போனோம். அம்மா மட்டும் கூகுளிலேயே இருக்கிறார், பழகியதை மாற்றச் சொல்ல மனசு வரவில்லை. அவர் கணக்கில் டேக்அவுட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக வரும்படி போட்டிருக்கிறேன், ஒரு வருடம் ஆனதும் மறுபடி போடவேண்டும். லிங்க் வந்ததும் ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், அப்புறம் அது செல்லாது. அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இந்த முறை தேதியை எந்தச் சேவைக்குள்ளும் போய் மாற்றவில்லை, ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறேன்.