மூன்று ஆண்டுகளாக என்னோடு டயாலிசிஸ் படுக்கைக்கு வரும் பி.பி. கருவி

சென்ற மாதம் என் பி.பி. கருவியின் கைப்பட்டையில் காற்றுக் குழாய் சேரும் இடம் பிளந்துபோய், ஊதும்போதெல்லாம் சீறத் தொடங்கியது. வாங்கிய கடையில் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு கடையில் அதே அளவுப் பட்டையை 750 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். கருவியையே 2022-இல் 1,900 ரூபாய்க்குத்தான் வாங்கியிருந்தேன் என்பதால் அந்த 750 சற்று உறுத்தியது. புதுப் பட்டையோடு டயாலிசிஸுக்குப் போன அன்று, பக்கத்துப் படுக்கைக்கு உசிலம்பட்டியிலிருந்து வரும் தம்பி, “அண்ணே, நானும் இதுல ஒண்ணு வாங்கிரலாமா?” என்று கேட்டார். நான்கு மணி நேரம் அருகருகே படுத்துக் கிடந்தும் அவருக்கு நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை.

கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தும் சாதாரண வகைதான். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். என் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம், இருப்பதால் அந்தக் கையில் பட்டை கட்டவே கூடாது. எனக்கு வாய்த்தது வலது கை ஒன்றுதான். நான் போகும் மையத்தில் ஆறு படுக்கைகளுக்கு ஒரே அளவிடும் கருவி, அதுவும் சக்கர வண்டியில் சுற்றிச் சுற்றி வரும். அது ஆறாவது படுக்கையில் நிற்கும்போது முதல் படுக்கையில் இருப்பவருக்கு அழுத்தம் சரிந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் சொந்தமாக ஒன்று வாங்கினேன்.

அந்தப் பயம் வீண் பயமன்று. டயாலிசிஸ் இயந்திரம் இரத்தத்திலிருந்து மட்டுமே நீரை எடுக்க முடியும். காலிலும் வயிற்றிலும் தேங்கிக் கிடக்கும் நீர் இரத்தக் குழாய்க்குள் மெல்ல மெல்லத்தான் திரும்பி வரும். எடுக்கும் வேகம் வரும் வேகத்தை மிஞ்சினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அழுத்தம் சட்டென்று விழும். என்னைப் போல் பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு, அந்த நேரத்தில் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சமாளிக்க வேண்டிய நரம்புகளும் மந்தமாகிவிட்டிருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் 140 இருந்தவன் மூன்றாவது மணி நேரத்தில் 84-க்கு வந்ததுண்டு. கண் இருட்டும், வியர்த்துக் கொட்டும், கெண்டைக்காலில் குரக்களி இழுக்கும், குமட்டும்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். இந்தக் கருவி எல்லா நேரமும் ஒழுங்காக வேலை செய்கிறது, எனக்கு அது தேவைப்படும் நேரத்தைத் தவிர. அழுத்தம் சரியத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தினால், பட்டை கையை இறுக்கும், மெதுவாகத் தளரும், முக்கால் நிமிடம் கழித்துத் திரையில் பிழைக் குறி வரும். மறுபடியும் அழுத்தினால் முன்னைவிடக் கடுமையாக ஊதி, மறுபடியும் பிழை. அந்த இரண்டு நிமிடங்களில் நான் போன தூரம் கருவிக்குத் தெரியாது. முப்பது வருடம் அஞ்சலகக் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்பதால் எதையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்குண்டு. இதுவரை முப்பத்தோரு முறை எனக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது, அதில் பதினேழு முறை இந்தக் கருவி முதல் முயற்சியில் எண்ணைக் காட்டவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஒழுகும் குடை என்று என் மனைவி இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

நியாயமாகப் பேசினால், குறை கருவியுடையதன்று. பட்டைக்குள் இருக்கும் காற்றில் நாடித்துடிப்பு உண்டாக்கும் சிறு அதிர்வுகளைக் கொண்டுதான் இத்தகைய கருவிகள் அளவைக் கணக்கிடுகின்றன. நாடி மெலிந்துவிட்டால் அதிர்வும் மெலிந்துவிடும், காலில் இழுப்பு வந்து உடம்பு துள்ளினால் அந்த ஆட்டம் வேறு குறுக்கே வந்து கணக்கைக் குழப்பும். மையத்துச் சக்கர வண்டிக் கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது, அதுவும் சமயத்தில் இப்படித்தான் முழிக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், கண் இருட்டிக்கொண்டு வரும்போது திரையில் அந்தக் குறியைப் பார்த்தால் கருவியைத் தூக்கி வீசத்தான் தோன்றுகிறது.

என் மனைவிக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கு அழுத்தம் இறங்கப்போகிறது என்றால் அதற்குக் கொஞ்ச நேரம் முன்பே நான் கொட்டாவி விடத் தொடங்குவேன் என்பதை முதல் வருடத்திலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது கொட்டாவிக்கே, “சிஸ்டர், இவுகளுக்கு இறங்குது” என்று குரல் கொடுத்துவிடுவார். சிஸ்டர் வந்து நீர் எடுப்பதை நிறுத்தி, தலைமாட்டைத் தாழ்த்திக் கால்மாட்டை உயர்த்தி, தேவைப்பட்டால் 100 மில்லி சலைன் ஏற்றிவிட்டுப் போகும் நேரத்தில்தான் என் கருவி தன் மூன்றாவது முயற்சியில் 92 என்று காட்டும். சலைன் ஏற்றுவதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தமுண்டு. பாடுபட்டு எடுத்த நீரையே உப்போடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அன்று இரவு தாகமும் அதிகம். சர்க்கரைக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: வியர்வையும் மயக்கமும் சர்க்கரை இறங்கினாலும் வரும் என்பதால், எங்கள் மையத்தில் விரல் நுனியில் குத்தி அதையும் பார்த்துவிடுவார்கள். எல்லாம் அடங்கிய பிறகு மனைவி என் இடது கையைத் தொட்டு, ஃபிஸ்டுலாவில் அந்த ரீங்கார அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் அதில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும்.

அப்படியானால் இந்தக் கருவியை ஏன் இன்னும் சுமக்கிறேன் என்றால், நான் வாங்கியபோது நினைத்தே பார்க்காத ஒரு வேலையை இது பிரமாதமாகச் செய்கிறது. ஊசிகளைக் கழற்றிக் கட்டுப்போட்ட பிறகு, உட்கார்ந்தபடி ஒரு முறையும் எழுந்து நின்று ஒரு முறையும் அளந்து பார்க்கிறேன். உட்கார்ந்தால் 122 காட்டும் உடம்பு, நின்றால் 94 காட்டிய நாட்கள் பல. அந்த நாட்களில் இருபது நிமிடம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு, மறுபடி நின்று அளந்த பிறகே திருமங்கலம் பேருந்துக்குக் கிளம்புகிறேன். இந்தப் பழக்கம் வருவதற்கு முன்பு ஒரு நாள் பெரியார் பேருந்து நிலையத்தில், ஏறும் படியில் கால் வைத்தவன் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தேன். பின்னால் நின்ற பூக்காரம்மாள் கூடையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தார். அதன்பின் ஒரு முறைகூட நான் விழவில்லை.

நோட்டு செய்த உபகாரம் தனி. வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் எனக்கு டயாலிசிஸ். எழுதிவைத்ததைப் புரட்டியபோது, இறங்கிய முப்பத்தொன்றில் இருபத்து நான்கு செவ்வாய்க்கிழமைகள். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை நான்கு நாள் இடைவெளியில் ஏறிய எடையை அதே நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. என் டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை, 58 கிலோ. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கைப் போட்டால், எனக்கு ஒரு தடவைக்குச் சுமார் 3 லிட்டர்தான் வருகிறது. போன வருடம் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் நான் 4.2 கிலோ கூடுதலாகப் போய் நின்றேன். கணக்கு 18 மில்லியைத் தொட்டது. அத்தனை தண்ணீர்ப் பந்தல்களைக் கடந்து வந்தவன் நீர்மோரை எப்படி மறுப்பேன் என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் குற்றவாளி நீர்மோர் அன்று, முந்தின இரவு பரோட்டாவுக்கு ஊற்றிக்கொண்ட சால்னா. உப்பு உள்ளே போய்விட்டால் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது எந்த மனிதனாலும் ஆகாத காரியம்.

அதே நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் சில மாற்றங்களைச் செய்தார். டயாலிசிஸ் அன்று காலை பிரஷர் மாத்திரையை மாலைக்குத் தள்ளினார். இது என் உடம்புக்கு அவர் சொன்னது, யாரும் தாமாகச் செய்யக் கூடாது. படுக்கையில் படுத்தபடி நான்கு இட்லி சாப்பிடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார், ஏனென்றால் சாப்பிட்டால் இரத்தம் குடலுக்குத் திரும்பிவிடுகிறது. இயந்திரத்தில் ஓடும் திரவத்தின் வெப்பத்தை 36 டிகிரிக்குக் குறைத்தார். இரத்தக் குழாய்கள் விரியாமல் இருப்பதற்கு இது உதவுகிறது, ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் கம்பளியோடு பேருந்தில் ஏறும் ஒரே மனிதனாக என்னை ஆக்கிவிட்டது. பசி திரும்பிச் சதை போட்டதைக் கவனித்து, 57-ஆக இருந்த டிரை வெயிட்டை 58-ஆக உயர்த்தியதும் அவர்தான். இந்த நான்கில் எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடந்த ஆறு மாதத்தில் இரண்டே முறைதான் இறங்கியிருக்கிறது.

ஆகவே உசிலம்பட்டித் தம்பிக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதுதான். விழாமல் வீடு சேர்கிறேன், நோட்டு நிரம்பியிருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பதிலை எழுதும் இன்றைக்குக் காலையிலும் அது இரண்டு முறை பிழை காட்டியது, என் மனநிலை சரியில்லை. அந்தக் காசில் வீட்டுக்கு நல்ல எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, தினமும் காலையில் அதில் ஏறி நின்றால், அழுத்தம் இறங்குவதை அளக்கும் தேவையே பாதியாகக் குறையும். இதைத்தான் அவரிடமும் ஒருவழியாகச் சொல்லிவிட்டு, பேருந்துக்குப் போகும் வழியில் என் கருவிக்கு நான்கு பேட்டரி வாங்கிக்கொண்டேன்.