ஸ்ரார் ட்ரெக்கில எது திறம்? முழுக்கப் பாத்த பிறகு

யாழ்ப்பாணத்தில ஸ்ரார் ட்ரெக் எண்ட அமெரிக்க விண்வெளி ரீவித் தொடர்களில பைத்தியமான ரெண்டு பேர் சந்திச்சால் தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சண்டை துவங்கிடும்: அதில நெக்ஸ்ற் ஜெனரேஷன் தொடர் திறமோ, டீப் ஸ்பேஸ் நைன் தொடர் திறமோ? (1966 இல துவங்கின பழைய 79 பகுதியையும் இதுக்குள்ள இழுக்கிறேல்ல. அது அப்பன்.) ஒண்டும் விடாமல், சிலதை ரெண்டு தரமும் பாத்ததில தீர்ப்பு டீப் ஸ்பேஸ் நைனுக்குத்தான். ஆனால் பெரிய ரீவியில போட்டால் முதல் நாளே முகம் சுழிப்பியள்.

ரெண்டும் 35 மில்லிமீற்றர் பிலிமிலதான் எடுத்தது. வெட்டி ஒட்டினது வீடியோ நாடாவில, 480 வரியில. நெக்ஸ்ற் ஜெனரேஷனுக்கு மட்டும் பழைய பிலிமுகளைத் திருப்பி ஸ்கான் பண்ணி, விண்கலக் காட்சியளையும் புதுசா ஒட்டி, 2012 இல இருந்து புளூ-ரேயில விட்டவை. டீப் ஸ்பேஸ் நைனுக்கும், பிறகு வந்த வொயேஜர் தொடருக்கும் அது நடக்கேல்ல. அதால எச்டி எண்டு தெரிவுசெய்தாலும் டேற்றாதான் போகும், படம் தெளியாது. ரீவியில ஷார்ப்னெஸைக் குறையுங்கோ, மோஷன் ஸ்மூத்திங்கை நிப்பாட்டுங்கோ, 4:3 படத்தை அகலத்துக்கு இழுக்காதேங்கோ. இழுத்தால் டீப் ஸ்பேஸ் நைன் நிலையத் தலைவர் சிஸ்கோ பூசணிக்காய் மாதிரித் தெரிவார். டிவிடிப் பிரதியில கலம் விரைவா ஓடேக்க விளிம்பில சீப்புப் பல்லு மாதிரிக் கோடு விழும். விஎல்சி பிளேயரில 'D' எழுத்தை அமத்தினால் சரி.

என்ரர்பிரைஸ் தொடரின்ர கதை 2151 இல, மற்றதுகளுக்கு முதல் நடக்குது எண்டு அதில துவங்கிறது பெரிய பிழை. அது 2001 இல எடுத்தது, அதில நாலாவது சீசன்தான் சோக்கு. நெக்ஸ்ற் ஜெனரேஷனை மூண்டாவது சீசனில பிடியுங்கோ. 1988 இல எழுத்தாளர் வேலைநிறுத்தம். ரெண்டாவது சீசன் 22 பகுதியோட சுருங்கி, கடைசிப் பகுதி பழைய துண்டுகளை வைச்சு ஒப்பேத்தினது. வொயேஜரில 38 ரோர்பீடோதான் இருக்கு, வேற எடுக்க வழியில்லை எண்டு முதல் சீசனிலேயே சொல்லுவினம். பிறகு கணக்கில்லாமல் அடிப்பினம். அடி வாங்கின கலம் அடுத்த கிழமை புதுசு மாதிரி நிக்கும்.

டீப் ஸ்பேஸ் நைனில ஒண்டும் அப்பிடி மறையாது. பெஜோர் எண்ட கிரகத்தைப் பிடிச்சு வைச்சிருந்த கார்டாசியர் எண்ட வேற்றுக்கிரக இனம் போன பிறகு, மிஞ்சின ஆக்களோட கதை துவங்குது. முதல் சீசன் முடியிறதுக்கு முதல் பகுதி, டூயற்: ஒரு சிறைக்கூடம், விசாரிக்கிற பெஜோர் அதிகாரி கீரா, பெஜோர் ஆக்களை அடைச்சு வேலை வாங்கின காலிற்றெப் முகாமுக்கு நான்தான் பொறுப்பாளன் எண்டு நெஞ்சை நிமித்திற ஒரு கார்டாசியன். உண்மையில அவன் அங்க கோப்புப் பாத்த கிளாக்கர். ராவில ஆக்கள் கத்தேக்க காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவன். இஞ்சை உள்ள ஆக்களுக்கு இதுக்கு மேல விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குறையும் கிடக்கு. முதல் ரெண்டு சீசனும் ஊரும். காசாசை பிடிச்ச ஃபெரங்கி இனத்தை வைச்ச பகிடி பாதி எடுபடாது. மொத்தம் 176 பகுதி, ராவுக்கு ஒண்டெண்டால் அரை வருசம். கடைசிப் பத்தும் ஒரே கதை, அதை மட்டும் ஒரு கிழமைக்குள்ள முடிச்சிடுங்கோ. இடையில விட்டால் எதிரி வல்லரசான டொமினியனோட ஆர் கூட்டு, ஆர் பகை எண்டது பிசகிப் போகும்.