கோரி டென் பூம் வீடு, ஹார்லெம்: மனசுல காயத்தோட இருக்கறவங்க ஒரு தடவ போய்ட்டு வாங்க

நெதர்லாந்து வர்றவங்க ஆம்ஸ்டர்டாம் கால்வாய், டூலிப் தோட்டம்னு சுத்திட்டு அப்படியே கெளம்பிடுறாங்க. ட்ரெயின் ஏறுனா கொஞ்ச நேரத்துல ஹார்லெம், ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், பார்டெல்யோரிஸ்ட்ராட் 19. கீழ 1837ல ஆரம்பிச்ச வாட்ச் கடை, மேல டென் பூம் குடும்பம் இருந்த வீடு, 1988ல இருந்து மியூசியம். ரெண்டாம் உலகப் போர்ல நாஜிங்ககிட்ட இருந்து யூதர்கள இந்த வீட்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்துன கிறிஸ்தவக் குடும்பம் இது, கோரி அந்த வீட்டுப் பொண்ணு. டிக்கெட் கிடையாது, விருப்பப்பட்டா காணிக்கை போடலாம். சின்ன வீடுங்கறதால கொஞ்சம் கொஞ்சம் பேராத்தான் விடுறாங்க, ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணிடுங்க.

நான் எங்க அக்காவ கூட்டிட்டுப் போனேன். கல்யாண வாழ்க்கையில அவங்க பட்ட பாட்ட இங்க எழுத முடியாது. ஊர்ல ஆளாளுக்கு "மன்னிச்சிடும்மா, ஸ்தோத்திரம் பண்ணு"ன்னு சொல்லிச் சொல்லியே ஜெபம் பண்றதையே விட்டுட்டாங்க.

ஹால்ல உக்கார வச்சு கைடு பொறுமையா கதை சொல்றாங்க, அப்புறம் மேல கோரியோட பெட்ரூம். அலமாரியோட கீழ்த்தட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன பலகை, அதத் தள்ளிட்டு தவழ்ந்து போனா பொய்ச்சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் நிக்கிற அளவு இடம், அவ்ளோதான். நாம பாக்கறதுக்காக சுவர ஒரு பக்கம் ஒடச்சு விட்டிருக்காங்க. 1944 பிப்ரவரி 28 நாஜிங்க ரெய்டு வந்தப்போ ஒளிஞ்சிருந்த 6 பேர் அதுக்குள்ள மூச்சு விடாம நின்னு அந்த ரெய்டுல மாட்டவே இல்ல. ஆனா குடும்பத்தையே புடிச்சிட்டுப் போயிட்டாங்க, 84 வயசு அப்பா காஸ்பர் பத்தே நாள்ல கைதியாவே செத்துட்டாரு, கோரியோட அக்கா பெட்சி டிசம்பர்ல ஜெர்மனியில இருந்த ராவன்ஸ்ப்ரூக் வதை முகாம்ல. அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள ஏதோ ஆபீஸ் பேப்பர் தப்புனால அதே முகாம்ல இருந்த கோரிய வெளிய விட்டுட்டாங்க.

முகாம்ல தெள்ளுப்பூச்சிக்குக்கூட பெட்சி நன்றி சொன்ன கதைய நம்ம பிரசங்கங்கள்ல கேட்டிருப்பீங்க, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"ங்கற வசனத்தோட. கோரியால அத உடனே ஏத்துக்க முடியலங்கறத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. எனக்கு அதுதான் பெருசாப் பட்டுச்சு. 1947ல மியூனிக்ல ஒரு சர்ச்ல பேசி முடிச்சதும் அந்த முகாம்லயே காவலா இருந்த ஒருத்தன் வந்து, இப்போ நான் கிறிஸ்தவன், என்ன மன்னிப்பீங்களான்னு கைய நீட்டுறான். கோரிக்கு கை எழும்பவே இல்ல. அத்தன மேடையில மன்னிப்பப் பத்திப் பேசுனவங்களுக்கு கை எழும்பல! என்னால முடியல ஆண்டவரே, நீங்க உதவி செய்யுங்கன்னு உள்ளுக்குள்ள கேட்டுட்டுத்தான் கைய நீட்டுறாங்க. இதக் கேட்டதும் அக்கா என் பக்கம் திரும்பி "அவங்களுக்கே வரலையா டீ"ன்னாங்க.

மன்னிக்கறதுன்னா திரும்பப் போய் அடி வாங்கறதுன்னு நம்ம ஆளுங்க நெனச்சு வச்சிருக்காங்க, அது இல்லவே இல்ல. போர் முடிஞ்சதும் கோரி பக்கத்துல ப்ளூமெண்டால்ல ஒரு பெரிய வீட்ட முகாம்ல இருந்து தப்பி வந்தவங்களுக்காகத் தொறந்தாங்க, பெட்சி சாகறதுக்கு முன்னாடி கண்ட கனவு அது. அங்க யாரையும் அவசரப்படுத்தல, தோட்ட வேல, சாப்பாடு, ஜெபம், அவங்கவங்க வேகத்துல தேறி வந்தாங்க. காயப்பட்ட பொண்ணுங்களுக்கு நம்ம சபைங்க மொதல்ல குடுக்க வேண்டியது இந்த மாதிரி ஒரு பாதுகாப்பான இடமும் நேரமும்தான்னு நான் உறுதியா நம்புறேன். கவுன்சிலிங் தேவப்பட்டா அதுக்கும் அனுப்புங்க, அது ஒண்ணும் விசுவாசக் குறைவு இல்ல. அக்கா இப்போ கவுன்சிலிங்கும் போறாங்க, காலையில வேதமும் எடுத்து வாசிக்கிறாங்க.

ஐந்துக்கு ஐந்து. படி ரொம்ப செங்குத்தா குறுகலா இருக்கும், முட்டி வலி உள்ளவங்களுக்கு கஷ்டம்தான். வர முடியாதவங்களுக்கு அவங்க வெப்சைட்லயே வீட்டச் சுத்திப் பாக்கற மாதிரி விர்ச்சுவல் டூர் இருக்கு, அம்மாவுக்கு நாங்க அதத்தான் போட்டுக் காட்டி தமிழ்ல சொல்லிட்டு வந்தோம்.