கடும் சூட்டிலும் வேலை செய்யும் என்சைம்: காகித ஆலையின் ப்ளீச் பிளான்டில் சில வருட அனுபவம்

என்சைம் போட்டால் காகிதக் கூழ் வெளுத்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே சலித்துப்போவார்கள். சைலனேஸ் என்ற இந்த என்சைம் எதையும் வெளுக்காது. பின்னால் வருகிற வெளுப்புக் கெமிக்கலான குளோரின் டை ஆக்சைடுக்கு வழிவிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். தைல மரமும் சவுக்கும் காரமும் சல்ஃபைடும் சேர்த்து வேகவைக்கிற கிராஃப்ட் லைனில், பாக்டீரியா வழி வந்த, சூடும் காரமும் தாங்குகிற ரகத்தைச் சில வருடங்களாக ஓட்டிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட சப்ளையர்களின் சரக்கு எங்கள் டேங்கில் இறங்கியிருக்கிறது. அதனால் பிராண்ட் பெயர் வேண்டாம்.

டைஜெஸ்டர் என்ற சமையல் கலனில் 160, 170 டிகிரியில் மரச்சீவல் வேகும்போது சைலான் என்கிற சர்க்கரைச் சங்கிலி கரைந்து வெளியே வருகிறது. சமையல் முடியும் நேரத்தில் காரம் குறைய, அதில் ஒரு பகுதி திரும்பவும் நார் மேல் போய்ப் படிகிறது. அந்தப் படலத்துக்கு உள்ளே, கூழுக்குப் பழுப்பு நிறம் தருகிற லிக்னின் மாட்டிக்கொள்கிறது. சைலனேஸ் அந்தப் படலத்தை அங்கங்கே வெட்டிவிடும். பிறகு குறைந்த குளோரின் டை ஆக்சைடிலேயே லிக்னின் கழன்று வந்துவிடும். இதை 1986-இல் பின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு மையத்தில் லீசா வீகாரி குழுவினர் காட்டினார்கள். வெளுப்புக் கெமிக்கலில் 10 முதல் 20 சதவீதம் மிச்சம் என்பதுதான் அப்போதிலிருந்து பொதுவாகப் பேசப்படுகிற கணக்கு. எங்களுக்கும் நல்ல நாட்களில் அந்த வரம்புக்குள் வந்திருக்கிறது. கெட்ட நாட்களில் ஒன்றுமே வந்ததில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நாங்கள் ஓட்டியது டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையிலிருந்து வருகிற பழைய ரகம். அதற்கு 50 டிகிரி சூடும், 5, 6 அளவில் பி.ஹெச்.சும் இருந்தால்தான் பிடிக்கும். எங்கள் கடைசி வாஷரிலிருந்து கூழ் இறங்குவதோ 70 டிகிரியை ஒட்டி, பி.ஹெச். 9, 10 என்று. ஆக, முதலில் ஆற வைக்க வேண்டும், அப்புறம் கந்தக அமிலம் விட வேண்டும், வேலை முடிந்ததும் அடுத்த ஸ்டேஜுக்காக ஸ்டீம் கொடுத்து மறுபடி சூடேற்ற வேண்டும். அமிலம்தான் பெரிய தொல்லை. கூழில் பிளாக் லிக்கர் (மரம் வெந்த கறுப்புக் காரநீர்) கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், அமிலம் பட்டதும் அதிலிருக்கிற சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கிளம்பும். வாஷரிலிருந்து வருகிற கூழைக் கலக்குகிற ரீபல்ப்பர் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் வரும். சட்டையில் மாட்டியிருக்கும் கேஸ் மீட்டர் கத்த ஆரம்பிக்கும், ஆட்கள் இறங்கி வெளியே போய் நிற்பார்கள். போதாக்குறைக்கு, நீரில் கரைந்திருந்த லிக்னினும் பி.ஹெச். இறங்க இறங்க நார் மேலேயே திரும்பப் படியும். கழற்ற வேண்டியதை நாமே ஒட்ட வைக்கிற வேலை.

சூடு தாங்கும் ரகம் வந்த பிறகு இந்தக் கூத்து நின்றது. எனக்கு இதில் பெரிய லாபம் இதுதான், கெமிக்கல் மிச்சம்கூட இரண்டாவதுதான். இந்த வகை என்சைம்களுக்கான தேடல் வெந்நீர் ஊற்றுகளில் தொடங்கியது. தெர்மோட்டோகா மாரிட்டிமா என்ற பாக்டீரியா இத்தாலியின் வல்கானோ தீவருகே சூடான கடலடியில் கிடைத்தது. 80 டிகிரிதான் அதற்குச் சுகமான சூடு. நியூசிலாந்து, ஜப்பான் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து டிக்டியோகுளோமஸ் வந்தது. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பி.சி.ஆர். சோதனைக்கு அடித்தளமான என்சைமும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸிலிருந்து வந்ததுதான். ஆலைக்கு வருகிற சரக்குக்காக யாரும் ஊற்றிலிருந்து பாக்டீரியாவை அள்ளிக்கொண்டு வருவதில்லை. அந்த மரபணுவை எளிதாக வளர்கிற வேறொரு நுண்ணுயிரில் வைத்து, ஃபெர்மென்டரில் வளர்த்து எடுக்கிறார்கள்.

போடுகிற முறை எளிது. டன்னுக்குச் சில நூறு கிராம், தண்ணீரில் கலந்து, கடைசி வாஷரின் ரீபல்ப்பரில் டோசிங் பம்ப் வழியாக. அங்கிருந்து கூழ் 10, 12 சதவீதக் கெட்டியில் ஹெச்.டி. டவர் என்ற சேமிப்புக் கோபுரத்துக்குப் போய் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். புதுத் தொட்டி, புது வாஷர் எதுவும் தேவைப்படவில்லை. கலப்பதில்தான் கவனம் வேண்டும். அவ்வளவு கெட்டியான கூழில் என்சைம் தானாகப் பரவாது. ஒரு கட்டிக்குள் போகவில்லை என்றால் அந்தக் கட்டி அப்படியே டவரைக் கடந்துவிடும். டவரில் கூழ் வழி பிடித்து இறங்குகிற பழக்கமும் உண்டு. கணக்குக்கு இரண்டு மணி நேரம் என்று இருந்தாலும் பாதிக் கூழ் அரை மணியில் வெளியே வந்திருக்கும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? கூழில் மிச்சமுள்ள லிக்னினைச் சொல்கிற காப்பா எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஒரு பாயின்ட் இறங்கினாலே அதிகம். டவருக்கு முன்னும் பின்னும் கூழ் எடுத்துப் பிழிந்து, இரண்டு நீரையும் இரண்டு பீக்கரில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னது வெளிர் மஞ்சள். பின்னது கட்டஞ்சாயா நிறம். லேபில் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தால் எண்ணாகவே கிடைக்கும். இரண்டு பீக்கரும் ஒரே நிறத்தில் இருந்தால் உடனே வாஷருக்குப் போய்ப் பாருங்கள்.

நான் சொன்ன கெட்ட நாட்கள் பெரும்பாலும் வாஷரிலிருந்து வந்தவை. ஷவர் நாசில் அடைத்தாலோ, உற்பத்தி ஏற்றியதில் டிரம்மில் மேட் (கூழ்ப் படுகை) தடித்தாலோ பிளாக் லிக்கர் கூடவே வந்துவிடும். பி.ஹெச். 11-ஐத் தொடும். காரம் தாங்கும் என்று லேபிளில் போட்டிருந்தாலும் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. சப்ளையரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன்னால் கழுவிய பிறகும் கூழோடு போகிற சோடாவைக் காட்டும் சோடா லாஸ் ரிப்போர்ட்டைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ஆட்கள். என்சைம் போடுகிறோம் என்றால் டி-ஜீரோ என்கிற முதல் வெளுப்பு ஸ்டேஜில் குளோரின் டை ஆக்சைடைக் கையால் குறைக்க வேண்டும். அது தானாகக் குறையாது. கன்ட்ரோல் ரூமில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "குறைச்சுப் போட்டு பிரைட்னஸ் அடிவாங்குச்சுன்னா என்னையத்தானுங்க சார் கேப்பாங்க?" நியாயமான கேள்வி. அவர் குறைக்கவில்லை. பிரைட்னஸ் ஒரு பாயின்ட் கூடியது, அதற்குக் கஸ்டமர் ஒரு பைசா கூடத் தரப்போவதில்லை. "சரிங்கண்ணே, பிரைட்னஸ் அடிச்சா என் பேருல லாக் புக்ல எழுதுங்க" என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் சில ஷிஃப்ட் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. இது முடியாத ஆலையில் என்சைம் வீண் செலவு.

குறைகளும் உண்டு. வெட்டுப்பட்ட சர்க்கரை எல்லாம் தண்ணீரோடு போவதால் கழிவுநீரில் சி.ஓ.டி. என்கிற மாசு அளவு கூடும். கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ஈ.டி.பி. ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டோஸ் அதிகமானால் கூழின் மகசூல் குறையும். சரக்கில் செல்லுலேஸ் என்ற வேறு என்சைம் கலந்திருந்தால் நாரே வெட்டுப்படும், நாரின் வலுவைக் காட்டுகிற விஸ்காசிட்டி இறங்கும், பேப்பர் மெஷினில் கிழிசல் கூடும். அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் விஸ்காசிட்டி பார்ப்போம். 'சூடு தாங்கும்' என்ற லேபிளைப் பார்த்துவிட்டு ஸ்டோரில் தகரக் கொட்டகையில் டிரம்மை அடுக்குவார்கள். அது கூழுக்குள் மணிக்கணக்கில் தாங்குவது, மே மாதக் கொட்டகையில் மாதக்கணக்கில் தாங்குவது அல்ல. சிந்தியதை ஹோஸ் வைத்து அடித்துக் கழுவவும் கூடாது. தூறலாக மூக்குக்குள் போனால் சிலருக்கு ஆஸ்துமா மாதிரி அலர்ஜி வரும்.

யாருக்கு இது லாபம்? குளோரின் டை ஆக்சைடை வெளியிலிருந்து வாங்கி வர முடியாது, ஆலையிலேயே சோடியம் குளோரேட்டிலிருந்து தயாரிக்க வேண்டும். அந்த ஜெனரேட்டர் முழுக் கொள்ளளவில் ஓடி, அதனாலேயே உற்பத்தி தடைப்படுகிறது என்றால் என்சைம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஏ.ஓ.எக்ஸ். (கழிவுநீரில் போகிற, குளோரின் சேர்ந்த கரிமக் கழிவு) நெருக்கடி இருந்தாலும் போடலாம். 2003-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சாசனம் பெரிய ஆலைகளுக்கு டன்னுக்கு 1.5 கிலோ, பிறகு 1 கிலோ என்று வரம்பு வைத்ததிலிருந்து அந்தத் தலைவலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெனரேட்டரில் தாராளமாக இடம் இருந்து, வெளுப்புக்கு முன்பே லிக்னினைக் குறைக்கிற ஆக்சிஜன் ஸ்டேஜும் இருக்கிறது என்றால் நான் அவசரப்பட மாட்டேன்.

வாங்குகிறவர்கள் கொட்டேஷனில் என்சைமின் வீரியத்தைச் சொல்கிற யூனிட்டைப் பார்த்து விலை ஒப்பிடாதீர்கள். ஒருவர் 50 டிகிரியில், பி.ஹெச். 5-இல் அளந்திருப்பார், இன்னொருவர் 70 டிகிரியில், பி.ஹெச். 8-இல் அளந்திருப்பார். உங்கள் வாஷர் கூழை வாளியில் எடுத்துக் கொடுத்து, உங்கள் சூட்டில், உங்கள் பி.ஹெச்.சில், அமிலம் தொடாமல் லேபில் செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற சப்ளையரிடம் பேரம் பேசிப் பிரயோசனம் இல்லை.