குளிர்காலத்தில் ஆர்வி வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: 1,500 டாலர் டெபாசிட் போச்சு

ஆர்வி (படுக்கை, அடுப்பெல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்த செயலியிலிருந்து நேற்று ராத்திரிதான் கடைசி பதில் வந்தது. "ஈரத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு." 1,500 டாலர் டெபாசிட் திரும்ப வராதாம். கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் கால்கரியில். ஜனவரியில் பான்ஃப் மலைப்பகுதிக்குப் போய்த் தங்கலாம் என்று, தனியார் வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு செயலியில் ஆர்வி தேடினோம். கிடைத்த வண்டியின் உரிமையாளர் தமிழர். போனிலேயே "தம்பி" என்றார். "நாலு சீசனுக்கும் ஏத்த வண்டி தம்பி, நம்ம வீடு மாதிரி வெச்சுக்கோங்க" என்றார். அந்தத் "தம்பி"யில்தான் விழுந்தோம். சாவி கொடுக்கும்போது மட்டும், "ஃபர்னஸ் கொஞ்சம் மக்கர் பண்ணும், இதைப் போட்டுக்கோங்க, போதும்" என்று ஒரு சின்ன புரொப்பேன் கேஸ் ஹீட்டரைக் கையில் திணித்தார். ஃபர்னஸ் என்றால் வண்டியிலேயே பொருத்தியிருக்கிற ஹீட்டர்.

வெளியே மைனஸ் 20-க்கும் கீழே. ஹீட்டர் என்னவோ நன்றாகத்தான் எரிந்தது. காலையில் பார்த்தால் கூரையில் இருக்கிற ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெள்ளையாகப் பனி. ஜன்னலில் வழிந்த தண்ணீர் அலுமினியத் தடத்தில் உறைந்து, கண்ணாடியை நகர்த்தவே முடியவில்லை. மெத்தையைத் தூக்கினால் அடியில் பிளைவுட் ஊறிப்போயிருந்தது. அதன் ஓரத்தில் புதுப் பெயின்ட் உரிந்து, உள்ளே கருப்பாகப் பழைய பூஞ்சை!

பக்கத்து வண்டிக்காரர், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், எட்டிப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். ஃபர்னஸ் என்றால் அந்தப் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். புகைக்குழாய் இல்லாத இந்த ஹீட்டரில் அத்தனையும் உள்ளேயே தங்கி, சில்லென்று இருக்கிற இடத்தில் எல்லாம் தண்ணீராகப் படியும். போதாததற்கு நம் மூச்சு, சமையல் ஆவி வேறு. கார்பன் மோனாக்சைடு விஷவாயு பயத்தைச் சொல்லவே வேண்டாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு உரிமையாளர் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டார். மறுநாள் செயலியில் புகார்: பிளைவுட் மாற்றணும், 1,500 டாலர். போன் போட்டால் எடுக்கவில்லை. மெசேஜுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வரி பதில், "தம்பி" போய் "சார்" வந்துவிட்டது. செயலிக்காரர்களிடம் உரிந்த பெயின்ட் படத்தை அனுப்பினேன். வாடகைக்கு வண்டியை எடுத்த அன்றைக்கு எடுத்த படம் கேட்டார்கள். அனுப்பினேன். அதில் மெத்தைக்கு அடி தெரியவில்லையாம்! ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லணும். இந்தக் கூத்துக்கு நடுவே "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று நட்சத்திரம் கேட்டு ஒரு மெயில் வேறு.

ஈரத்தைச் சமாளிக்கும் வழி எல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாக: ஃபர்னஸ் எரிவதைக் கண்ணால் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள். மெத்தையைத் தூக்கிப் படம் எடுங்கள். குளிருக்குப் பயந்து கூரை வென்ட்டை (காற்றுப் போகிற திறப்பை) முழுசாக மூடாதீர்கள், சமைக்கும்போது கட்டாயம் ஃபேன் போடுங்கள். ஈரத்தை உறிஞ்சுமாம் என்று விற்கிற உள்ளங்கை அளவு டீஹியூமிடிஃபயரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், அந்தக் குளிரில் அது ஒன்றுக்கும் ஆகாது. உரிமையாளர் சொல்வதை எல்லாம் செயலியின் மெசேஜிலேயே எழுதி வாங்குங்கள், போனில் பேசியது எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.