ஈஸ்ட்டைப் பட்டினி போட்ட ஐந்து மாதமும் கோழியை நிறுத்திய மூன்று வருடமும்

செவலைக்கு இப்போது ஏழு வயது. காக்கர் ஸ்பானியல் கலப்பு நாய். தொங்கும் காது, செம்பட்டை ரோமம், அதனால்தான் அந்தப் பேர். மூன்று வயதாகும் சமயத்தில் ராத்திரியில் பாதத்தை நக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் பழக்கம் என்று விட்டுவிட்டோம். விரல் இடுக்கில் இருந்த வெளிர் ரோமம் துருப்பிடித்த நிறமானது. காதைத் தூக்கினால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. அடுத்த சில மாதங்களில் அக்குளும் தொடை இடுக்கும் ரோமம் உதிர்ந்து, கறுத்து, யானைத் தோல் மாதிரி தடித்துவிட்டன. தடவிக்கொடுத்தால் கையில் பிசுபிசுப்பு ஒட்டும்.

நான்கு வருடமாக இதோடு வாழ்ந்த அனுபவத்தை எழுதுகிறேன். உணவை மாற்றினால் நாயின் தோலில் பெருகும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை போய்விடும் என்று கேள்விப்பட்டு இதைப் படிக்கும் யாரோ ஒருவர், நான் செய்த தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

முதல் ஆறு மாதம் காதுச் சொட்டு மருந்து, ஸ்டீராய்டு ஊசி என்று போனது. ஊசி போட்டால் மூன்று வாரம் நிம்மதி, பிறகு பழையபடி. இடையில் தானியமில்லாத உலர் உணவுக்கும் மாறினோம். பட்டாணியும் பருப்பும் நிறைந்த பை அது. தோலில் எந்த மாற்றமும் இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இப்படிப்பட்ட உணவுகளுக்கும் நாய்களின் இதயம் விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாமோ என்று விசாரணையைத் தொடங்கியது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காரணமே இல்லாமல் அந்தக் கவலையை ஏன் சுமக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் "ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வளர்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் செத்துவிடும்" என்ற பேச்சு கண்ணில் பட்டது. கேட்டவுடன் நம்பினேன், ஏனென்றால் ரொட்டி மாவில் சர்க்கரை போட்டால் ஈஸ்ட் பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அரிசி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் தட்டிலிருந்து எடுத்தேன். அதற்குப் பதிலாக வேகவைத்த கோழி, கோழி ஈரல், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். ஆப்பிள் வினிகரைத் தண்ணீரில் கலந்து பாதத்தில் தெளித்தேன். நக்கி நக்கிப் புண்ணான தோலில் வினிகர் பட்டால் எப்படி எரியும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். இரண்டாவது நாளே தெளிப்பான் பாட்டிலைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஐந்து மாதம் விடாமல் செய்தேன். அரிப்பு கூடிக்கொண்டே போனது. ஈஸ்ட் சாகும்போது முதலில் மோசமாகி அப்புறம்தான் சரியாகும் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அதையும் நம்பி இரண்டு மாதம் கூடுதலாக இழுத்தடித்தேன். தயவுசெய்து அந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள். நாய் மோசமாகிறது என்றால் மோசமாகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் கால்நடைத் தோல் நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் ஒளிபுகும் ஒட்டுநாடாவைச் செவலையின் அக்குளில் நாலைந்து முறை அழுத்தி எடுத்து, நீலச் சாயத்தில் முக்கி, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். வேர்க்கடலைத் தோடு மாதிரி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய சின்னச் சின்ன உருவங்கள், கூட்டம் கூட்டமாக. மலசீசியா பேக்கிடெர்மாடிஸ் என்று பேர் சொன்னார். நல்ல ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும்கூட இது குறைந்த எண்ணிக்கையில் இருக்குமாம். தோல் அழன்று, எண்ணெய்ப் பசை கூடி, பாதுகாப்பு அரண் பலவீனமானால் பெருகிவிடும்.

நான் என் உணவு முறையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இந்த ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு தோல்ல இருக்கிற கொழுப்புங்க. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கிற மரபணு அதுக்குக் கிடையாது, தோல்ல இருந்துதான் எடுத்துக்கும். நீங்க சோத்தை நிறுத்தினா அதுக்கு ஒண்ணும் குறையாது" என்றார். ரத்தச் சர்க்கரையை இன்சுலின் ஓர் அளவில் பிடித்து வைத்திருக்கிறது, சோறு சாப்பிட்டதால் தோலின் மேல் சர்க்கரை கசிவதில்லை என்றும் விளக்கினார். குடலில் வாழும் கேண்டிடா என்னும் வேறொரு ஈஸ்ட்டைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்து இதற்கு ஒட்டவைத்ததுதான் நான் படித்ததெல்லாம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஈஸ்ட்டை அடக்கியது ஷாம்பு. 2% குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியும் 2% மைக்கோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்தது, வாரம் இரண்டு முறை. உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மிக வலுவான சான்று உள்ளதாகச் சொல்லப்பட்டிருப்பது இந்தக் கலவைதான். இதில் முக்கியமானது நேரம். நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும். கடிகாரம் பார்க்காமல் குளிப்பாட்டினால் பத்து நிமிடம் என்று நினைப்பது உண்மையில் மூன்று நிமிடமாகத்தான் இருக்கும், நான் அளந்து பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்தில் வாடை போனது. அவளைக் கட்டிக்கொண்டு உட்கார முடிந்தது.

ஆனால் அரிப்பு பாதிதான் குறைந்தது. தைராய்டு சோதனை சரியாக இருந்தது, தெள்ளுக்கு மாத்திரை ஏற்கெனவே மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. ஈஸ்ட் வந்து குடியேற இடம் கொடுத்தது எது என்று தேட வேண்டும் என்றார் டாக்டர். உணவு உண்மையாகவே கதைக்குள் வந்தது இங்கேதான்: ஈஸ்ட்டுக்குத் தீனியாக அல்ல, செவலையின் உடம்புக்கு ஒவ்வாத புரதமாக.

முடியை அனுப்பிச் செய்யும் அலர்ஜிச் சோதனை ஒன்றை நான் ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியல், அதில் உருளைக்கிழங்கும் உண்டு. டாக்டர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பொம்மையின் செயற்கை ரோமத்தை அனுப்பிய ஆய்வாளர்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வந்திருக்கிறது என்றார். உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்றே ஒன்று, விலக்கு உணவுச் சோதனை: பழகிய உணவையெல்லாம் நிறுத்திவிட்டு, உடம்புக்குப் பழக்கமில்லாத புரதம் மட்டும் கொடுத்துப் பார்ப்பது. குறைந்தது எட்டு வாரம். ஐந்து வாரத்தில் பாதிக்கப்பட்ட நாய்களில் சுமார் 80 சதவீதமும் எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் தேறிவிடும் என்பது ஆய்வுகளில் கண்ட கணக்கு.

செவலை ஏற்கெனவே கோழி, மாடு, ஆடு, மீன் எல்லாம் ருசி பார்த்தவள். அதனால் ஹைட்ரோலைஸ்டு புரத உணவைத் தேர்ந்தெடுத்தோம். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்து, நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் தெரியாமல் செய்த உணவு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோழியிலிருந்து தயாரித்ததைக் கொடுத்தால், கோழி அலர்ஜி உள்ள சில நாய்களுக்கு அப்போதும் அரிக்கும். சோயாவிலிருந்து எடுத்தது எங்களுக்குக் கிடைத்தது. "ஒரே புரதம்" என்று அட்டையில் போட்டுச் சாதாரணமாக விற்கும் உணவுகளில் அட்டையில் இல்லாத இறைச்சியும் கலந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருப்பதால், மருத்துவர் எழுதித் தரும் உணவைத்தான் வாங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு வாரம் பழையதோடு கலந்து கலந்து மாற்றினோம். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்ப்பாள், அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

முதல் முறை தோற்றுப்போனது. ஆறு வாரம் போயும் அரிப்பு அசையவே இல்லை. டாக்டர் என்னிடம் அவள் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். தின்பண்டம் இல்லை, எலும்பு இல்லை, சத்து மாத்திரை இல்லை. "பல் தேய்க்கிறீங்களா?" என்றார். தினமும் ராத்திரி தேய்க்கிறோம், கோழிச் சுவையூட்டிய பற்பசையில். அதை உணவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவையூட்டிய மெல்லும் மாத்திரைகளும், மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் பாலாடைக்கட்டித் துண்டும், மீன் எண்ணெய் மாத்திரையின் ஜெலட்டின் உறையும்கூட இதே மாதிரி கதவிடுக்கு வழியாக நுழைபவை.

மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினோம். பல்லுக்கு வெறும் ஈரத்துணி. அவளுடைய உலர் உணவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு வாசலில் வைத்தோம், வீட்டுக்கு வருபவர்கள் கொஞ்ச நினைத்தால் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். சின்னவன் சாப்பிடும்போது செவலை வேறு அறையில். முதல் இரண்டு வாரம் அரிப்பைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். மாத்திரை நின்ற பிறகும் அரிப்பு திரும்பாமல் இருந்தால்தான் உணவுக்குப் பேர் கொடுக்கலாம். தினமும் படுக்கப் போகுமுன் நோட்டில் ஓர் எண் எழுதினேன்: அரிப்பே இல்லை என்றால் 0, இடைவிடாமல் சொறிந்தால் 10. தொடங்கும்போது 8. மூன்றாம் வாரம், மாத்திரை நின்ற பின், 7. மனசு உடைந்துபோனேன். ஐந்தாம் வாரம் 5. எட்டாம் வாரம் 3. எண் எழுதாமல் இருந்திருந்தால் மூன்றாம் வாரத்திலேயே விட்டிருப்பேன்.

இத்தோடு நிறுத்திவிட்டு இதே உணவில் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்காமல் விட்டால், தேறியதற்குக் காரணம் உணவா, ஷாம்புவா, பருவ மாற்றமா என்று கடைசி வரை தெரியாது. வேண்டுமென்றே அவளுக்கு அரிப்பை வரவழைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியோடு பழைய உணவைக் கொடுத்தேன். நாலாம் நாள் ராத்திரி நக்கும் சத்தம். உடனே ஹைட்ரோலைஸ்டுக்குத் திரும்பி, பத்து நாளில் அடங்கியது.

பிறகு ஒவ்வொரு பொருளாக, தலா இரண்டு வாரம். மாட்டிறைச்சி பதினாலு நாளும் ஒன்றும் செய்யவில்லை. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும் 17 சதவீதத்துக்குப் பால் பொருள்களும் 15 சதவீதத்துக்குக் கோழியும் 13 சதவீதத்துக்குக் கோதுமையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்ததால் மாட்டின் மேல்தான் என் சந்தேகம் முழுவதும். முட்டை, மீன், கோதுமை சரி. அரிசி, உருளைக்கிழங்கு சரி. பால் ஒன்பதாம் நாள் லேசாகக் காதைச் சிவக்க வைத்தது. இரண்டாம் முறையும் அதேதான், அதையும் நிறுத்தினோம். கோழி கொடுத்த மூன்றாம் நாள் காலையில் காதைத் தொட்டேன். கொதித்தது. பாதம் நாலும் ஈரம்.

ஈஸ்ட்டைப் பட்டினி போடுகிறேன் என்று ஐந்து மாதம் நான் அவளுக்குக் கொடுத்தது கோழியும் கோழி ஈரலும். அவளுக்கு ஒன்றும் செய்யாத சோற்றையும் கிழங்கையும் பிடுங்கிவிட்டு, அவளை அரிக்கவைத்ததை மூன்று பங்காகப் போட்டிருக்கிறேன். மாவுச்சத்தை நிறுத்திக் குணமானதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பழைய பையை மாற்றும்போது அதிலிருந்த ஏதோ ஒரு புரதமும் சேர்ந்து போயிருக்கும், பேர் மட்டும் மாவுச்சத்துக்குக் கிடைத்திருக்கும்.

வீட்டுச் சமையலைப் பற்றிக் கொஞ்சம். இப்போது பாதி நாள் மீனும் உருளைக்கிழங்கும் சமைத்துத்தான் கொடுக்கிறேன். கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் செவலையின் எடைக்குக் கணக்கிட்டுக் கொடுத்த அளவு, கூடவே கால்சியமும் தாது, வைட்டமின் கலவையும் கிராம் கணக்கில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-இல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். என் ஐந்து மாதக் கோழிச் சாப்பாட்டில் அவள் எலும்புக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம்தான்.

மீன் எண்ணெய் பரவாயில்லை. மூன்று மாதமாகும் வரை ஒன்றும் தெரியாது, பிறகு ரோமம் பளபளத்தது, அரிப்பில் ஒரு புள்ளி குறைந்தது. அட்டையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்புகளின் அளவு தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் ஏறிவிடும். தேங்காய் எண்ணெயால் நான் கண்டது வயிற்றுப்போக்கும் எடையும். பூண்டை ஈஸ்ட்டுக்கு மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. பூண்டு உட்பட வெங்காயக் குடும்பம் முழுவதும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு நஞ்சு.

உணவு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செவலைக்குத் தூசிப் பூச்சி, மகரந்த அலர்ஜியும் இருக்கிறது. ஈரப்பதம் கூடும் மாதங்களில் எண் 5 வரை ஏறும். அப்போது வாரம் இரண்டு குளியலும், சில வாரம் ஓக்லாசிட்டினிப் என்னும் அரிப்பு அடக்கும் மாத்திரையும். மற்ற மாதங்களில் பத்து நாளுக்கு ஒரு குளியல் போதும். தடித்த தோல் மெலிய ஏழு மாதம், அக்குளின் கறுப்பு வெளிறி ரோமம் மூட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கறுப்பைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரிப்பும் வாடையும் போன பிறகு கடைசியாகத்தான் நிறம் திரும்பும்.

நோட்டு இப்போது மூன்றாவது. நேற்று எழுதிய எண் 2. ராத்திரி படுக்கும்போது காதைத் தூக்கி மூக்கை வைத்துப் பார்த்தேன், வெறும் நாய் வாடை மட்டும்தான்.