மேசையில் பாடமா, தரையில் விளையாட்டா, பெற்றோருக்குப் பயிற்சியா?

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தெரபி?" என்றுதான். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரொம்ப நாளாக இருப்பது ஏபிஏ (Applied Behavior Analysis) என்ற நடத்தைப் பயிற்சி முறை. குழந்தையை மேசையில் உட்கார வைத்து, "நீலத்தைத் தொடு" என்று சொல்லி, தொட்டால் உடனே பிடித்தமான எதையாவது கொடுப்பார்கள். வாரம் 40 மணி நேரம் என்ற கணக்கு 1987இல் ஈவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வால் பரவியது. அதில் அந்தத் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சராசரி அறிவுத்திறனோடு சாதாரண வகுப்பில் படித்தார்கள். ஆனால் யாருக்குத் தீவிரப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, பயிற்சியில் தண்டனையும் உண்டு. இன்றைய நல்ல தெரபிஸ்டுகள் தண்டிப்பதில்லை. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுத் தருவது இம்முறையின் பலம். ஆனால் மேசையில் கற்றது பல நேரம் மேசையோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது, டென்வர் (Early Start Denver Model) முறை. இதில் எல்லாமே தரையில் நடக்கும் விளையாட்டு. தெரபிஸ்ட் சோப்புக் குமிழி ஊதுவார், சட்டென்று நிறுத்திக் காத்திருப்பார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாலும், கை நீட்டினாலும், "ஊ" என்றாலும் மறுபடி ஊதுவார். பரிசு என்று தனியாக எதுவும் வேண்டாம், குமிழியே போதும். 18 முதல் 30 மாதக் குழந்தைகள் 48 பேரை வைத்து 2010இல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் டென்வர் முறை பெற்றவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 17.6 கூடியது, வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றவர்களுக்கு 7. ஆனால் சரியான பயிற்சி இல்லாதவர் செய்தால் அது வெறும் விளையாட்டாகப் போய்விடும்.

மூன்றாவது, பெற்றோருக்குப் பயிற்சி தரும் பேக்ட் (PACT) முறை. குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்டும் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தை ஒரு பொம்மையைக் காட்டிய நொடியைப் பெற்றோர் கவனிக்காமல் விட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். 152 குழந்தைகளை வைத்து 2010இல் வந்த முடிவு சுமார்தான். ஆனால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி பெறாத குழந்தைகளைவிடப் பெற்றவர்களுக்கு ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் குறைவாகவே இருந்தது. பெற்றோருக்கு இது கூடுதல் சுமைதான், மறுக்க முடியாது. ஆனால் குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் அவர்கள்தானே.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். 2021இல் வெளியான ஆய்வில் 87 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு ஏபிஏ, சிலருக்கு டென்வர் என்றும், வாரம் 15 மணி அல்லது 25 மணி என்றும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் முறையாலும் பெரிய வித்தியாசம் இல்லை, மணிக்கணக்காலும் இல்லை. ஆக, 40 மணி நேரம் கொடுக்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியில் வாடத் தேவையில்லை.

நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது, விளையாட்டு வழி தெரபியோடு பெற்றோர் பயிற்சியும் சேர்ந்த இடம். பெற்றோரை உள்ளே விடாத மையமும், ஆட்டிசக் குழந்தைகள் பலர் செய்யும் கை உதறுவதை நிறுத்துவதையே இலக்காக வைக்கும் மையமும் வேண்டாம். அப்புறம், பேச்சு தாமதம் என்று பட்டால் ஸ்பீச் தெரபியை உடனே தொடங்குங்கள். ஆட்டிசமா இல்லையா என்ற ரிப்போர்ட் பிறகு வரட்டும்.